நூற்றிருபது பொட்டு

நெய்வேலி டவுன்ஷிப்பில் சிவப்பிரகாசத்தின் வீட்டைத் தேடி வருகிறவர்கள், "மெக்கானிக்கல் புரொபசர் வீடு எது?" என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. "டாக்டர் வீடு" என்று கேட்க வேண்டும். ஆராய்ச்சிக்குப் பதிவு செய்த மறுவாரமே அந்தப் பெயர் பிளாக் முழுக்கப் பரவிவிட்டது. பரப்பியவர் மாமனார். இதில் இரண்டு சங்கடங்கள். பதினோரு வருஷமாகியும் பட்டம் வரவில்லை. காய்ச்சல், இருமல் என்று ஆட்கள் மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தார்கள். முதல் இரண்டு வருஷம், தான் அந்த டாக்டர் இல்லை என்று பொறுமையாக விளக்கினார். மூன்றாம் வருஷத்திலிருந்து ஆவி பிடிக்கச் சொல்லி அனுப்பிவிடுவார். சிலருக்குச் சளி குணமாகித் தொலைத்ததால் பெயர் இன்னும் நிலைத்துவிட்டது.

குடியிருந்த குவார்ட்டர்ஸ் மனைவி தேவயானியின் பேரில். அவள் கம்பெனி அலுவலகத்தில் பர்மனென்ட். அவளுடைய மருத்துவப் புத்தகத்தில் 'சார்ந்திருப்போர்' என்ற தலைப்பின் கீழ், மீசையோடு சிவப்பிரகாசத்தின் படம் ஒட்டியிருக்கும். அவர் சார்ந்திருந்தது உண்மைதான். வடலூர் ரோட்டில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் பத்தொன்பது வருஷமாக அவர் வாங்கி வந்த சம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் மேலே போவதுதான் மரியாதை.

ஆனால் பாடம் நடத்துவதில் மனிதர் ராஜா. கலப்புப் பொருள் என்றால் என்னவென்று அவர் சொல்லிக் கேட்க வேண்டும். நார் தனியாக இருந்தால் வளையும், பிசின் தனியாக இருந்தால் நொறுங்கும், இரண்டையும் அடுக்கடுக்காகச் சேர்த்து இறுக்கினால் இரும்போடு மல்லுக்கு நிற்கும் என்பார். கடைசி பெஞ்சு கூட வாயைத் திறந்துகொண்டு கேட்கும். அவருடைய ஆராய்ச்சியும் அதுதான். பனைமட்டை நாரும் பிசினும் சேர்த்து, அனல்மின் நிலையச் சாம்பலைக் கொஞ்சம் தூவினால் பலகை பலமாகுமா என்பது கேள்வி. சாம்பலுக்கு நெய்வேலியில் பஞ்சமா?

பஞ்சம் நேரத்துக்குத்தான். போன வருஷம் ஆடி மாதத்தில் கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் தொங்கியது. அடுத்த கல்வியாண்டு தொடங்கும்போது டாக்டர் பட்டம் இல்லாத ஆசிரியர்கள் வகுப்பிலிருந்து விடுவிக்கப்பட்டு, சேர்க்கைப் பிரிவுக்கு மாற்றப்படுவார்கள். சேர்க்கைப் பிரிவு என்றால், நோட்டீஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் பிள்ளை பிடிக்கிற வேலை. கோடை விடுமுறையில் எல்லா ஆசிரியர்களையும் அதற்கு அனுப்புவது வழக்கம்தான். சிவப்பிரகாசமும் போயிருக்கிறார். நெல்லிக்குப்பத்தில் ஒரு கரும்பு விவசாயி, "ஒங்க காலேஜ்ல படிச்சா நல்ல வேல கெடைக்குமா?" என்று கேட்டார். "கண்டிப்பா" என்றார் இவர். "நீங்க எங்க படிச்சீங்க?" என்று அடுத்த கேள்வி வந்தது. சிவப்பிரகாசம் அதே கல்லூரியில் முதல் பேட்ச். விவசாயி அவரையும், நோட்டீஸ் கட்டையும், வியர்வையில் ஊறிய சட்டையையும் மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பையனை ஐ.டி.ஐ.யில் சேர்த்துவிட்டார்.

அந்த வேலையைக் காலம் முழுக்கச் செய்வதைச் சிவப்பிரகாசத்தால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. சுண்ணக்கட்டியைப் பிடுங்கிக்கொண்டால் அவரிடம் மிச்சம் ஒன்றுமில்லை. பல்கலைக்கழகம் கொடுத்த கடைசி நீட்டிப்பும் டிசம்பரோடு முடிகிறது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு தொகுதிச் சோதனை. அதற்காகக் குள்ளஞ்சாவடிப் பக்கத்துப் பெண்களிடம் சொல்லி, எட்டு மாதமாக நாரைச் சீவி, ஊறவைத்து, உலர்த்தி, பள்ளிக்கூட ஸ்கேல் அளவுக்குத் துண்டு துண்டாக நறுக்கி வைத்திருந்தார். ஒரு பலகைக்கு ஐந்து துண்டு. இருபத்து நாலு பலகைக்கு நூற்றிருபது துண்டு. ஆய்வகத்து மேசை மேல் எண்ணி அடுக்கிவைத்துவிட்டுப் பிசின் வாங்கச் சென்னைக்கு வண்டி ஏறினார். இடையில் ஆயுத பூசை வந்தது.

இந்த இடத்தில் மருதமுத்துவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மந்தாரக்குப்பத்துக்காரர், வயது அறுபதை ஒட்டி. இருபத்தேழு வருஷம் ஒரு காண்ட்ராக்டரிடம் சுரங்கத்தில் கரி சுமந்து ஓடும் பெல்ட்டைப் பராமரிக்கிற வேலை பார்த்துவிட்டு, இப்போது கல்லூரி ஆய்வகத்தில் உதவியாளர். இங்கேயும் காண்ட்ராக்ட்தான். வருஷா வருஷம் செயலாளர் சிங்காரவேல் கையெழுத்துப் போட்டால் உண்டு. சிங்காரவேல் எப்படிப்பட்டவர் என்றால், ஃபேனை அணைக்க மறந்த வாட்ச்மேனை அந்த ஃபேன் நிற்பதற்குள் வீட்டுக்கு அனுப்பியவர்.

ஆயுத பூசையை மருதமுத்து கொண்டாடுவது சுரங்கத்து முறையில். அங்கே எந்த இரும்பையும் விட்டுவைக்க மாட்டார்கள். ராட்சத மண்வெட்டி எந்திரத்தின் ஒவ்வொரு வாளிக்கும் பொட்டு, மைல் கணக்கில் ஓடும் பெல்ட்டைத் தாங்குகிற ஒவ்வொரு உருளைக்கும் பொட்டு. ஆய்வகத்தையும் அவர் அப்படித்தான் பார்த்தார்.

விடுமுறை முடிந்து சிவப்பிரகாசம் கதவைத் திறந்தபோது அறையே கல்யாண வீடு போல இருந்தது. கடைசல் எந்திரத்துக்குப் பொட்டு. அழுத்து எந்திரத்துக்குப் பட்டையும் பொட்டும். வெர்னியர், தீயணைக்கும் மணல் வாளி, சுவர்க் கடிகாரம், சிவப்பிரகாசத்தின் நாற்காலி, எல்லாவற்றுக்கும் பொட்டு. சிரித்துக்கொண்டே மேசைப் பக்கம் திரும்பியவருக்குச் சிரிப்பு பாதியில் நின்றது. நூற்றிருபது துண்டுகளின் நட்ட நடுவிலும் சந்தனம். சந்தனத்தின் நட்ட நடுவில் குங்குமம்.

"மருதமுத்துண்ணே, நாருக்கெல்லாம் எதுக்கு வச்சீங்க?" என்றார்.

"அதானே சார் ஒங்க ஆயுதம்?" என்றார் மருதமுத்து. "மெசினுக்கெல்லாம் வெச்சிட்டு இத்த மட்டும் வுட்டா நல்லாவா இருக்கும்? காலையிலேர்ந்து குந்திகினு ஒண்ணொண்ணா வெச்சேன். ஒண்ணு வுடல."

அந்த முகத்தைப் பார்த்துத் திட்ட யாருக்கு வாய் வரும்? சிவப்பிரகாசத்துக்கு வரவில்லை. மருதமுத்து போனபின், அளவு சரியில்லை என்று முன்பே கழித்துப்போட்டிருந்த துண்டுகளில் ஒன்றில் அதே மாதிரி பொட்டு வைத்து, ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துப் பார்த்தார். பொட்டு போகவில்லை, பரவியது. துண்டு முழுக்கச் சிவந்து, அடிபட்ட மாதிரி ஆயிற்று. தேவயானிக்குப் போன் போட்டார்.

"பூசை பண்ணினதைப் போய் அழிப்பாங்களா யாராவது? உங்களுக்கென்ன பைத்தியமா?" என்றாள் அவள்.

"தேவி, இது ஆராய்ச்சி."

"பதினோரு வருஷமா சாமி இல்லாம பண்ணித்தான் பாத்தீங்களே."

சிவப்பிரகாசம் போனை வைத்துவிட்டார். புதிதாக நார் செய்ய எட்டு மாதம் வேண்டும். இருப்பதோ இரண்டரை மாதம். கால் சிட்டிகை குங்குமம் என்ன செய்துவிடப் போகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஐந்தைந்தாக அடுக்கி, பிசின் ஊற்றி, அழுத்தி, இருபத்து நாலு பலகையும் செய்து முடித்துவிட்டார். படித்த மனுஷன் செய்கிற காரியமா என்று கேட்கலாம். கெடு கழுத்தை நெரிக்கும்போது படித்தவன்தான் இப்படிக் கணக்குப் போடுவான்.

பல்கலைக்கழகத்தில் இழுவை எந்திரம் இருக்கிறது. பலகையின் இரண்டு முனையையும் கவ்விப் பிடித்து, உடைகிற வரை இழுக்கும். முதல் பலகை 'டப்'பென்று உடைந்தது, நடுவில், சரியாகப் பொட்டு இருந்த இடத்தில். இரண்டாவது, மூன்றாவது, எல்லாம் அப்படியே. எந்திரத்தை ஓட்டியவர் பத்தாவது பலகைக்குப் பிறகு, "சார், பாக்காமலே சொல்லட்டுமா எங்க உடையும்னு?" என்று விளையாட ஆரம்பித்துவிட்டார். பிசினும் நாரும் ஒட்ட வேண்டிய இடத்தில் சந்தனம் நடுவே புகுந்து பிரித்திருக்கிறது. ஐந்து அடுக்கிலும் ஒரே இடத்தில். பதினோரு வருஷ ஆராய்ச்சியில் மிகப் பலமாக வந்திருக்க வேண்டிய தொகுதி, முந்தைய தொகுதிகளைவிடக் கால்பங்கு பலவீனம். பஸ்ஸில் திரும்பும்போது சிவப்பிரகாசம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார். பக்கத்து சீட்டுக்காரர் ஏதோ துக்க வீடு என்று நினைத்து, விருத்தாசலம் வரை இரண்டு பேர் இடத்தை இவருக்கே விட்டுக்கொடுத்து நின்றுகொண்டு வந்தார்.

வழிகாட்டிப் பேராசிரியர் இசக்கிமுத்து ஓய்வுக்கு ஒரு வருஷமே இருக்கிற மனிதர். "பழைய எண்ணையே அங்கங்க ஏத்தி இறக்கிப் போட்டு முடிச்சுக் குடுமய்யா. எவன் பாக்கப்போறான்?" என்றார். அதை மட்டும் சிவப்பிரகாசத்தால் செய்ய முடியவில்லை. பெரிய சத்தியசந்தர் என்று அவரைத் தூக்கிப் பேசவில்லை. பொய் எண் எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை, அவ்வளவுதான். உடைந்ததை உடைந்தபடியே ஆறாம் அத்தியாயமாக எழுதினார். அடுக்குகளின் நடுவில் அந்நியத் துகள் புகுந்தால் பலகை எவ்வளவு பலம் இழக்கும் என்பது அத்தியாயத்தின் பொருள்.

துகள் எப்படிப் புகுந்தது என்றும் எழுத வேண்டுமே. ஆய்வக உதவியாளர் வைத்தார் என்று எழுதினால் அது சிங்காரவேல் கண்ணில் படாமல் போகாது. ஃபேனுக்கே வாட்ச்மேன் போனான், பட்டத்துக்கு மருதமுத்து போகாமல் இருப்பாரா? ஆகவே, 'சந்தனமும் குங்குமமும் ஆய்வாளராலேயே கையால் வைக்கப்பட்டன' என்று ஒரு வரி எழுதினார். ஆய்வேட்டில் இருந்த ஒரே பொய் அதுதான். மருதமுத்துவிடம் பலகை உடைந்த கதையைச் சொல்லவே இல்லை. "பூசை போட்டது எப்டி சார் வந்திச்சி?" என்று அவர் கேட்கும்போதெல்லாம் "நல்லா வந்துச்சுண்ணே" என்று சொல்லிவைத்தார்.

கெடுவுக்கு ஒரு நாள் முன்னால் ஆய்வேட்டைக் கொடுத்தார். ஆறு மாதம் கழித்து, கல்லூரி திறக்க ஒரு வாரம் இருக்கும்போது, கல்லூரி ஆய்வகத்திலேயே வைவாவுக்கு நாள் குறித்தார்கள். வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் வந்து எல்லார் முன்னாலும் கேள்வி கேட்கிற வாய்மொழித் தேர்வு அது. பொதுமக்களும் கலந்துகொள்ளலாம் என்று அறிவிப்பில் ஒரு வரி வழக்கமாக இருக்கும், யாரும் வர மாட்டார்கள். தேவயானி அதை அலுவலகத்தில் படித்துக் காட்டிவிட்டாள். பிளாக் முழுக்க அதை அழைப்பிதழாகவே எடுத்துக்கொண்டது. முப்பது பேர் வேனில் வந்து இறங்கினார்கள். பட்டுப் புடவைகள், மிக்சர் பொட்டலங்கள், ஒரு தாம்பாளத்தில் பழம். மருதமுத்து வெள்ளை வேட்டியில் நாற்காலி போட்டு, தண்ணீர் பாட்டில் வைத்து, வந்தவர்களை உட்காரவைத்துக்கொண்டிருந்தார். முன்வரிசையில் சிங்காரவேல்.

தேர்வாளர் பேராசிரியை தமயந்தி ஒல்லியான அம்மாள். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாலே பாதிப் பேருக்குப் பாடம் மறந்துபோகும். சிவப்பிரகாசம் முக்கால் மணி நேரம் பேசினார். நன்றாகவே பேசினார். ஐந்து அத்தியாயம் வரை தமயந்தி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஆறாவது வந்ததும் பேனாவை மூடிவைத்தார். சுற்றிலும் உட்கார்ந்திருந்த ஜனங்களைப் பார்த்துவிட்டுத் தமிழிலேயே ஆரம்பித்தார்.

"இருபத்து நாலு பலகை. எல்லாம் பொட்டு இருந்த இடத்துல உடைஞ்சிருக்கு. சரி, நம்பறேன். ஆனா எல்லாம் கிட்டத்தட்ட ஒரே பலத்துல உடைஞ்சிருக்கு. கையால பண்ற வேலையில நூத்துக்குப் பத்து, பதினஞ்சு முன்னப் பின்ன வரும். உங்களுக்கு ரெண்டு கூட வரலை. முப்பது வருஷமா இந்தத் துறையில இருக்கேன், இவ்வளவு அழகான எண்ணை நான் ஒரே ஒரு எடத்துலதான் பாத்திருக்கேன். சோதனையே பண்ணாம வீட்டுல உக்காந்து எழுதினவங்க ஏட்டுல."

கூட்டத்தில் மிக்சர் மெல்லும் சத்தம் நின்றது.  பொய் எண் எழுத மாட்டேன் என்று அடம்பிடித்து எழுதிய ஒரே அத்தியாயம்! இசக்கிமுத்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சத்தியமா உண்மை மேடம். உடைஞ்ச பலகை எல்லாம் இங்கயே இருக்கு" என்றார் சிவப்பிரகாசம்.

"உடைஞ்ச பலகையை எப்ப வேணா செய்யலாம். பொட்டு நீங்கதானே வச்சீங்க? நார்த்துண்டு மிச்சம் இருக்கா? பத்துத் துண்டுல இப்ப வச்சுக் காட்டுங்க."

கழித்துப்போட்டிருந்த துண்டுகள் வந்தன. ஆய்வகத்து அலமாரியிலிருந்து சந்தனக் கிண்ணமும் வந்தது. தேவயானி கைப்பையிலிருந்து வேலுடையான்பட்டுக் கோயில் குங்குமப் பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். சிவப்பிரகாசம் முருகனை வேண்டிக்கொண்டு ஆரம்பித்தார். முதல் பொட்டு மிளகளவு. இரண்டாவது இட்லிக்குப் பக்கத்தில் வந்தது. மூன்றாவது ஓரத்துக்கு நழுவியது. நாலாவதில் கட்டைவிரல் ரேகை முழுசாகப் பதிந்தது. தமயந்தி வெர்னியரை வைத்து அளக்கக்கூட இல்லை.

"இந்தக் கை அந்த எண்ணைக் கொடுக்காது" என்றார். "வேற ஏதாவது சொல்ல வேண்டியது இருக்கா?"

இருந்தது. ஒரு பெயரைச் சொன்னால் போதும். சிவப்பிரகாசம் சிங்காரவேலைப் பார்த்தார்.  நோட்டீஸ் கட்டு கண் முன்னால் வந்து நின்றது. "நான்தான் மேடம் வச்சேன்" என்றார் மறுபடியும். 

"பொய்ங்க அம்மா!" என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது. தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்தபடி மருதமுத்து நின்றுகொண்டிருந்தார். "அவுருக்கு ஒழுங்கா ஒரு பொட்டு வெக்கத் தெரியாதுங்க. பாத்தீங்கள்ல? நான் வெச்சது அது. பூசைக்கு வெச்சேன். ஒடையும்னு எனக்குத் தெரியாதுங்க. சாரு சொல்லவே இல்ல, நல்லா வந்திச்சின்னு சொல்லிகினே இருந்தாரு." சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

தமயந்தி கண்ணாடியைக் கழற்றினார். "இங்க வாங்க. நீங்க வச்சுக் காட்டுங்க" என்றார்.

மருதமுத்து முன்னால் வந்து பாட்டிலைக் கீழே வைத்தார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். மோதிர விரலைச் சந்தனத்தில் தொட்டு, கிண்ணத்தின் விளிம்பில் ஒருமுறை வழித்து, துண்டின் நடுவில் வைத்து எடுத்தார். மேலே குங்குமம். அடுத்த துண்டு. பத்துத் துண்டையும் முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அளவுகோல் வைக்கவில்லை, கண்ணைச் சுருக்கவில்லை. தமயந்தி வெர்னியரை எடுத்து அளந்தார். இரண்டு பக்கமும் அளந்தார். எழுதினார், மறுபடி அளந்தார். 

"எல்லாம் ஒரே அளவு" என்றார் தமயந்தி. "நடுவுலேர்ந்து ஒரு நூல் விலகலை. எங்க கத்துக்கிட்டீங்க?"

"பெல்ட்டுலங்க. உருளையோட மூஞ்சில, அதான் பக்கத்து வட்டத்துல, பொட்டு வெக்கணும். சரியா நடுவுல வெச்சா, பெல்ட்டு ஓடறப்ப பொட்டு நின்ன எடத்துலயே நிக்கும். கொஞ்சம் தள்ளிச்சின்னா வட்டம் போட்டுகினு கூத்தாடும். சூப்ரவைசரு பாத்துகினே வருவாரு. நூத்துக்கணக்குல வெக்கணும்ங்க ஒரு நாளைக்கி. இருவத்தேழு பூசை."

தமயந்தி ஆய்வேட்டைப் புரட்டினார்.  பிறகு சிவப்பிரகாசத்தைப் பார்த்தார். "எண் எல்லாம் உண்மை. அந்த ஒரு வரிதான் பொய். முறைப்படி அதுக்கே உங்களைத் திருப்பி அனுப்பணும். ஏன் எழுதினீங்கன்னு எனக்குப் புரியுது" என்றவர் முன்வரிசைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "செயலாளர் சார், இந்த மாதிரிக் கை எங்க பல்கலைக்கழகத்துல கிடையாது. உங்களுக்கு வேண்டாம்னா சொல்லுங்க, நான் கூட்டிட்டுப் போறேன்."

சிங்காரவேல் அவசரமாக, "வேணும், வேணும்" என்றார். தன்னிடம் இருக்கும் எதையும் பிறர் கேட்டால்தான் அவருக்கு அதன் அருமை தெரியும்.

ஒரே ஒரு திருத்தத்தோடு பட்டத்துக்குப் பரிந்துரை செய்வதாகத் தமயந்தி அறிவித்தார். பிளாக் கைதட்டியது. தேவயானி தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்தவள், யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் இசக்கிமுத்துவிடம் கொடுத்துவிட்டு அழுதாள்.

கூட்டம் சாப்பிடப் போனபின் சிவப்பிரகாசம் ஆய்வகத்துக்குப் போனார். மருதமுத்து முக்காலியில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் நின்றார்.

"அண்ணே, திருத்தம் என்னன்னு கேட்டீங்களா? பொட்டு வச்சது மருதமுத்துன்னு உங்க பேரைப் போடணுமாம்."

"வேணாம் சார்" என்றார் மருதமுத்து, நிமிராமல். "நான் கை வெச்ச எடத்துலயா பாத்து ஒடைஞ்சிக்கிது. அத்த வேற புத்தகத்துல போட்டு ஊருக்குச் சொல்லணுமா?"

"அப்படி உடைஞ்சதாலதான் நான் பாஸ்."

 "எத்தினி பலகை சார்?" என்று கேட்டார் மருதமுத்து.

"இருபத்து நாலு."

"எல்லாமே பொட்டுலயா ஒடைஞ்சிச்சி?"

"எல்லாமே பொட்டுலதான்."

"ஒண்ணு கூடத் தள்ளிப் போவலையா?"

"ஒண்ணு கூட இல்லண்ணே."

மருதமுத்து மெல்ல நிமிர்ந்தார். மோதிர விரலை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"அப்பன்னா போட்டுக்குங்க சார்" என்றார்.